பழைய கேமராவின் லீஃப் ஷட்டர்: சோதிப்பதும் சுத்தம் செய்வதும்

பரணிலிருந்து இறக்கிய பிலிம் கேமராவில் பட்டனை அழுத்தும்போது 'டிக்' என்ற ஒலி மட்டும் கேட்டு, லென்ஸின் நடுவில் உள்ள இதழ்கள் அசையாமல் நின்றாலோ, திறந்த இதழ்கள் மூடாமல் பாதியில் நின்றுவிட்டாலோ, ஷட்டர் உடைந்துவிட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். லென்ஸுக்குள் மெல்லிய உலோக இதழ்கள் திறந்து மூடி, பிலிமில் ஒளி விழும் நேரத்தைக் கட்டுப்படுத்தும் இத்தகைய லீஃப் ஷட்டர்களில் பாகங்கள் முறிவது அரிது. லென்ஸின் மரைகளிலும் பல்சக்கரங்களிலும் தொழிற்சாலையில் இட்ட மசகு, பல பத்தாண்டுகளின் வெப்பத்தில் இளகி இதழ்களின்மேல் ஊர்ந்து, பிறகு பசையாக இறுகியிருப்பதே வழக்கமான காரணம். ஆகவே இங்கே செய்யவேண்டிய வேலை எண்ணெயை அகற்றுவதே தவிர, எண்ணெய் விடுவதன்று. இந்த ஒன்றை மனத்தில் கொள்ளாமல் தையல் இயந்திர எண்ணெயையோ, துரு நீக்கும் ஸ்பிரேயையோ அடித்துக் கெடுத்த கேமராக்கள், தாமாகப் பழுதடைந்தவற்றைவிடச் சரிசெய்யக் கடினமானவை.

கீழே சொல்வன அனைத்தும் பேட்டரி இல்லாமல், ஸ்பிரிங்கின் விசையால் மட்டும் இயங்கும் ஷட்டர்களுக்கே பொருந்தும். ஜெர்மனியின் காம்பூர், ப்ரான்டர், ஜப்பானின் கோப்பல், செய்கோஷா ஆகியவை இவ்வகையில் அதிகம் கண்ணில் படுபவை. நம் ஊர் ஸ்டுடியோக்களிலும் கல்யாண வீடுகளிலும் நெடுங்காலம் உழைத்த யாஷிகா மேட் 124ஜி கேமராவில் இருப்பது கோப்பல் எஸ்வி ஷட்டர். யாஷிகா எலக்ட்ரோ 35 போன்றவற்றின் ஷட்டர் மின்னணு முறையில் கட்டுப்படுத்தப்படுவதால் அவற்றின் சிகிச்சை வேறு.

உள்ளே நடப்பது

மியூனிக் நகரின் ஃப்ரெட்ரிக் டெக்கல் நிறுவனம் 1912இல் காம்பூர் ஷட்டரை வெளியிட்டது. அதற்கு முந்தைய காம்பவுண்ட் ஷட்டரில் நேரத்தைக் கட்டுப்படுத்தியது ஒரு சிறு காற்று உருளை. காம்பூரில் அந்த வேலையைக் கடிகாரத்தில் இருப்பது போன்ற பல்சக்கரத் தொடர் ஏற்றது. அதன்பின் வந்த இயந்திர லீஃப் ஷட்டர்களில் மிகப் பெரும்பாலானவை இந்த ஏற்பாட்டின் வழியிலேயே நடக்கின்றன.

லென்ஸின் முன் கண்ணாடித் தொகுதிக்கும் பின் தொகுதிக்கும் இடையே, பெரும்பாலும் ஐந்து எஃகு இதழ்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து ஒளியின் வழியை மறைக்கின்றன. ஒவ்வோர் இதழும் நிலையான ஓர் ஊசியில் செருகப்பட்டிருக்கிறது; இன்னோர் ஊசி, எல்லா இதழ்களுக்கும் பொதுவான ஒரு வளையத்திலிருந்து வந்து இதழின் துளையில் பொருந்துகிறது. வளையம் சிறிது சுழன்றால் ஐந்தும் ஒரே நேரத்தில் விலகும். திரும்பினால் ஒரே நேரத்தில் மூடும். விளிம்பிலுள்ள லீவரை நாம் தள்ளி முறுக்கேற்றும்போது முதன்மை ஸ்பிரிங் இறுகுகிறது. பட்டனை அழுத்தியதும் அது விடுபட்டு வளையத்தை முன்னும் பின்னும் ஓட்டுகிறது.

வேகமான நிலைகளில் இந்த ஓட்டத்திற்குத் தடையே இல்லை, அல்லது மிகச் சிறிய தடைதான் உண்டு. 1 விநாடி, 1/2, 1/4 போன்ற மெதுவான நிலைகளில் மட்டும் பல்சக்கரத் தொடர் ஒன்று குறுக்கே வந்து, அதன் முனையிலுள்ள நங்கூர வடிவத் துண்டு இப்புறமும் அப்புறமும் ஆடி, இதழ்கள் மூடுவதைத் தாமதப்படுத்துகிறது. 1 விநாடியில் கேட்கும் 'ஸ்ஸ்ர்ர்' என்ற இரைச்சல் அதிலிருந்தே வருகிறது. எவ்வளவு தாமதம் வேண்டும் என்பதை, நாம் சுழற்றும் வேக வளையத்தின் அடியிலுள்ள, வெவ்வேறு ஆழங்களில் வெட்டுகள் கொண்ட ஒரு தட்டு தீர்மானிக்கிறது. இந்த இரண்டு பகுதிகளும், அதாவது இதழ்களும் மெதுவேகத் தொடரும், தனித்தனியே அழுக்கடையக்கூடியவை என்பதைப் புரிந்துகொண்டால் நோயறிதல் பாதி முடிந்துவிடும்.

இதழ் ஒவ்வொன்றும் நின்ற நிலையிலிருந்து கிளம்பி, நின்று, திசைமாறித் திரும்பவேண்டியிருப்பதால் இவ்வகை ஷட்டர்களின் உச்ச வேகம் பெரும்பாலும் 1/500 விநாடியோடு நின்றுவிடுகிறது. ப்ரான்டர் எஸ்விஎஸ் 1/300 வரைதான் போகும். அதற்கு ஈடாக, எந்த வேகத்திலும் ஒரு கணம் முழுத் திறப்பு கிடைப்பதால் மின்னணு ஃபிளாஷை எல்லா வேகங்களிலும் பயன்படுத்தலாம். பிலிமுக்கு முன்னால் திரை ஓடும் கேமராக்களில் இந்த வசதி இல்லை. 1957இல் வந்த ஹாசல்பிளாட் 500சி, ஷட்டரை உடலில் வைக்காமல் ஒவ்வொரு லென்ஸிலும் வைத்ததன் பயன் இதுவே.

திறப்பதற்கு முன்

பொறுமையற்றவர்கள் முதலில் எடுப்பது ஸ்க்ரூ டிரைவர். அதை மேசை இழுப்பறையிலேயே விட்டுவிட்டு, கேமராவின் பின்கதவைத் திறந்து, லென்ஸின் அபெர்ச்சரை (ஒளி புகும் துளையை) முழுவதும் அகலமாக வைத்து, வெளிச்சத்தை நோக்கிப் பிடித்தபடி சோதனையைத் தொடங்க வேண்டும்.

முதலில், ஷட்டரின் விளிம்பில் எம், எக்ஸ், வி என்று குறித்த சிறு லீவர் இருந்தால் அதை எக்ஸ் நிலையில் வையுங்கள். எம் என்பது பழைய ஃபிளாஷ் பல்புகள் எரிந்து உச்சத்தை அடைவதற்காக ஷட்டரைச் சற்றுத் தாமதிக்கும் நிலை. வி என்பது, பட்டனை அழுத்திச் சிறிது நேரம் கழித்து ஷட்டர் தானே இயங்கச் செய்யும் டைமர். டைமரின் சக்கரங்கள்தாம் பெரும்பாலும் முதலில் இறுகுகின்றன. அதை ஓடவிட்டால் பாதியில் சிக்கி, நன்றாக இருந்த ஷட்டரையும் தன்னோடு பூட்டிவிடும். பழைய கேமராவில் வி நிலையைத் தொடாமல் இருப்பதே நல்லது. யாராவது ஏற்கெனவே தொட்டுச் சிக்கவைத்திருந்தால், ஷட்டரை அழுத்தியபடி டைமர் லீவரை விரல் நுனியால் மெல்ல, அது போகவேண்டிய திசையிலேயே உதவித் தள்ளினால் பல நேரம் விடுபடும்.

அடுத்து, ஷட்டர் அசையவே இல்லையென்றால் அது பூட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். மடக்கு கேமராக்கள் பலவற்றில், பிலிமின் ஒரே இடத்தில் இரண்டு படம் விழுவதைத் தடுக்கும் பூட்டு உண்டு. பிலிம் நகராதவரை மேலேயுள்ள பட்டன் வேலை செய்யாது. அப்போது ஷட்டரின் விளிம்பிலேயே இருக்கும் சிறு வெளியீட்டு லீவரை நேரடியாகத் தள்ளினால் ஷட்டர் நலமாக இருப்பது தெரியும். ஒலிம்பஸ் ட்ரிப் 35 வெளிச்சம் போதாவிட்டால் வியூஃபைண்டரில் சிவப்புத் துண்டைக் காட்டி ஷட்டரை விடாது. இருட்டறையில் வைத்துச் சோதித்துவிட்டு அது பழுது என்று விற்பவர்கள் இருக்கிறார்கள்.

இனி ஒவ்வொரு வேகத்திலும் முறுக்கேற்றி அழுத்திப் பாருங்கள். 1/100, 1/300 போன்ற வேகங்கள் ஒழுங்காகவும், 1/10க்குக் கீழுள்ளவை இழுத்து இழுத்தும் ஓடினால், அல்லது 1 விநாடியில் இரைச்சல் நடுவில் நின்று இதழ்கள் திறந்தபடியே நின்றால், அழுக்கு மெதுவேகத் தொடரில் இருக்கிறது. எல்லா வேகங்களிலும் இதழ்கள் தயங்கினால், அல்லது ஒலி கேட்டும் இதழ்கள் திறக்காவிட்டால், பசை இதழ்களின்மேல். இதற்குப் பெயர்போனது கேனனெட் க்யூஎல்17. இதழ்கள் மூடியிருக்கும்போது சாய்ந்த வெளிச்சத்தில் பாருங்கள்: சுத்தமான இதழ் மங்கலான சாம்பல் நிறத்தில் ஒரே சீராக இருக்கும், எண்ணெய் ஏறியதில் இதழ்கள் ஒன்றன்மேல் ஒன்று படியும் ஓரங்களில் ஈரம்போல் மினுக்கும். முறுக்கேற்றும் லீவர் எந்த எதிர்ப்பும் இல்லாமல் தொளதொளவென்று ஆடினால் மட்டும் ஸ்பிரிங் முறிந்திருக்கலாம் அல்லது கொக்கியிலிருந்து கழன்றிருக்கலாம். அதை அனுபவமுள்ள பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துவிடுவது உத்தமம்.

சோதனையின்போது ஒரு கட்டுப்பாடு உண்டு. காம்பூர் ரேபிட், சிங்க்ரோ காம்பூர் ஆகியவற்றில் 1/500க்கு மட்டும் கூடுதலாக ஒரு வலிய ஸ்பிரிங் சேர்கிறது. ஆகவே 1/500க்குள் போவதாயினும் அதிலிருந்து விலகுவதாயினும் முறுக்கேற்றுவதற்கு முன்பே செய்துவிட வேண்டும். முறுக்கேறிய நிலையில் வளையம் இறுக்கமாகத் தோன்றினால் வலுக்கட்டாயமாகத் திருப்பக் கூடாது.

சில வாரங்களாகச் சும்மா கிடந்த ஷட்டர், எல்லா வேகங்களிலும் இருபது முப்பது முறை ஓட்டியதுமே சீரடைவதுண்டு. அப்படிச் சீரடைந்து அப்படியே நிலைத்தால் அதைத் திறக்கவே வேண்டியதில்லை. மறுநாள் காலையில் மீண்டும் தயங்கினால்தான் சுத்தம் செய்ய வேண்டும்.

வேகத்தை அளப்பது

காது 1 விநாடியையும் 1/2 விநாடியையும் ஓரளவு மதிப்பிடும். அதற்கு மேல் கைப்பேசியின் உதவி தேவை. பல கைப்பேசிகள் விநாடிக்கு 240 காட்சிகள் பதிவு செய்யும் மெதுவோட்ட வசதி கொண்டவை. கேமராவின் முன்னால் ஒரு விளக்கை வைத்து, திறந்த பின்புறத்தின் வழியே ஷட்டரைப் படம்பிடித்து, வெளிச்சம் தெரியும் காட்சிகளை ஒவ்வொன்றாக எண்ணினால் போதும். 1 விநாடிக்கு 240, 1/4க்கு 60, 1/8க்கு 30, 1/15க்கு 16 காட்சிகள் வரவேண்டும். 1/125க்கு இரண்டே காட்சிகள்தாம் கிடைக்கும் என்பதால் வேகமான நிலைகளுக்கு இம்முறை உதவாது. அவற்றுக்கு, மின்னணுப் பொருள் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் ஃபோட்டோ டிரான்சிஸ்டர் ஒன்றைக் கணினியின் மைக் உள்ளீட்டில் இணைத்து, ஒலிப்பதிவு மென்பொருளில் தோன்றும் மேட்டின் அகலத்தை அளக்கலாம்.

எண்களைக் கண்டு பதற வேண்டாம். 1/500 என்று பொறித்த பழைய ஷட்டர் 1/350ஐ ஒட்டி ஓடுவது சாதாரணம். அரை ஸ்டாப் பிழையை (ஒரு ஸ்டாப் என்பது ஒளி இரட்டிப்பாவது அல்லது பாதியாவது) நெகட்டிவ் பிலிம் பொருட்படுத்தாது. ஸ்லைடு பிலிமுக்கு மட்டும் அந்தத் தாராளம் இல்லை. மேலும், உச்ச வேகத்தில் இதழ்கள் திறப்பதும் மூடுவதுமே மொத்த நேரத்தில் பெரும்பகுதியை எடுத்துக்கொள்கின்றன. அபெர்ச்சர் சிறிதாக இருந்தால் அந்தச் சிறு துளை தொடக்கத்திலேயே முழுவதும் வெளிப்பட்டு, கடைசியில்தான் மறையும். எனவே எஃப்/16 என்ற சிறிய அபெர்ச்சரில் 1/500 என்பது, லென்ஸை முழுவதும் திறந்து வைத்த 1/500ஐவிட நீண்ட ஒளிபதிவாகிவிடுகிறது. இந்த வேறுபாடு ஒரு ஸ்டாப்பை நெருங்கவும் கூடும். இது பழுதன்று, இவ்வகை ஷட்டரின் இயல்பு. முக்கியமானது ஒரே வேகத்தில் பத்து முறை அளந்தால் பத்தும் ஒத்துவருகிறதா என்பதே. ஒன்று 1/60, அடுத்தது 1/25 என்று தாவினால் உள்ளே பசை இருக்கிறது.

இதழ்களைச் சுத்தம் செய்தல்

தேவையானவை அதிகமில்லை: லென்ஸ் வளையங்களைத் திருப்பும் இரட்டை முனை ஸ்பேனர், நல்ல சிறு ஸ்க்ரூ டிரைவர்கள், ட்வீசர், காற்றூதும் ரப்பர் பல்பு, பஞ்சு நூல் உதிராத பட்ஸ், விழுந்த திருகு உருண்டோடாத விளிம்புள்ள வெள்ளைத் தட்டு. கரைப்பானாகச் சிகரெட் லைட்டரில் ஊற்றும் திரவம் சிறந்தது. அது மசகைக் கரைக்கும், கறை விடாமல் ஆவியாகும். மருந்துக் கடையில் கிடைக்கும் 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் மீதி 30 சதவீதம் தண்ணீர் என்பதால் எஃகு இதழ்கள் துருப்பிடிக்கும், அதைத் தவிர்க்கவும். நகப்பூச்சு நீக்கும் அசிட்டோன் வண்ணத்தையும் கண்ணாடிகளை ஒட்டிய பசையையும் தின்றுவிடும். லைட்டர் திரவம் சட்டென்று தீப்பற்றக்கூடியது. ஜன்னலைத் திறந்து வைத்து, அடுப்போ பூஜை விளக்கோ எரியாத அறையில் வேலை செய்யுங்கள்.

இதழ்களை அடைய லென்ஸின் முன் தொகுதியைக் கழற்ற வேண்டும். யாஷிகா மேட் போன்ற இரட்டை லென்ஸ் கேமராக்களில் லென்ஸ் பலகை முழுவதும் முன்னும் பின்னும் நகர்ந்தே குவியம் மாறுவதால், முன் தொகுதியைக் கழற்றி மீண்டும் கடைசிவரை இறுக்கினால் குவியம் கெடாது. மடக்கு கேமராக்கள் பலவற்றில் நிலைமை வேறு: முன் கண்ணாடி மட்டும் மரையில் சுழன்று குவியத்தை மாற்றுகிறது. அத்தகைய கேமராவில் தூர வளையத்தை முடிவிலியில் (மிகத் தொலைவுக்கான குறியில்) வைத்து, வளையத்தின் பக்கவாட்டிலுள்ள மூன்று நுண்ணிய திருகுகளைத் தளர்த்தி (முழுவதும் கழற்ற வேண்டாம், அவை தொலைவதற்கென்றே செய்யப்பட்டவை) வளையத்தை மேலே எடுத்த பிறகு, கண்ணாடியின் உலோக விளிம்பிலும் ஷட்டரிலும் நேர்நேராக ஒரு கோடு கீறுங்கள். பிறகு எத்தனை சுற்றில், எந்த இடத்தில் மரை விடுபடுகிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். மரைக்குப் பல தொடக்கங்கள் இருக்கக்கூடும். தவறான தொடக்கத்தில் ஏற்றினால் எவ்வளவு திருகினாலும் குவியம் சேராது. அக்ஃபா ஐசோலெட் வகையில் இந்த மரையின் பச்சை நிற மசகு சிமெண்ட் போல் இறுகியிருக்கும். அங்கே கரைப்பானை விட்டு ஊறவைத்து, ஹேர் டிரையரால் மிதமாகச் சூடேற்றி, காத்திருக்க வேண்டும். இடுக்கியால் பிடித்துத் திருகினால் கண்ணாடியின் உலோகக் கூடுதான் நெளியும்.

பின் தொகுதியையும் கழற்றிவிடுவது நல்லது, இல்லையேல் கரைந்த மசகு அதன் உள்பரப்பில் படலமாகப் படியும்.

இப்போது மூடிய இதழ்கள் வெளிப்படையாகத் தெரியும். பட்ஸ் ஒன்றின் நுனியில் திரவத்தைத் தொட்டு, சொட்டாத அளவுக்கு உதறி, இதழ்களின்மேல் மெல்ல வட்டமாகத் தடவுங்கள். ஷட்டரை முறுக்கேற்றிச் சில முறை ஓட்டுங்கள். இதழ்களுக்கு இடையே மறைந்திருந்த மசகு கரைந்து வெளியே வரும். அதை உலர்ந்த பட்ஸால் ஒற்றியெடுங்கள். பின்புறத்திலும் இதையே செய்யுங்கள். பட்ஸில் மஞ்சளோ சாம்பலோ ஏறாமல் வெள்ளையாகவே திரும்பும்வரை, ஒவ்வொரு முறையும் புதிய பட்ஸோடு தொடர வேண்டும். திரவத்தைத் தாராளமாக ஊற்றி ஷட்டரை நனைத்துவிடும் முறையைப் பலர் பரிந்துரைப்பார்கள். அப்படிச் செய்தால் பசை வெளியேறுவதில்லை, கரைந்து எங்கும் பரவி, திரவம் ஆவியானதும் மெல்லிய படலமாக எல்லா இதழ்களிலும் படிகிறது. அன்று மாலை அருமையாக ஓடும் ஷட்டர் அடுத்த வாரம் மீண்டும் ஒட்டுவது இதனால்தான்.

இதழ்கள் ஈரமாக இருக்கும்போது ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, முன்னைவிட மோசமாக ஓடும். அது இயல்பே, ட்வீசர் முனையால் குத்தித் திறக்க முயலக் கூடாது. எழுதும் தாளைவிட மெல்லிய இந்தத் தகடு ஒருமுறை மடிந்தால் மற்றவற்றில் இடறி, மொத்தத் தொகுதியையும் நெரித்துவிடும். ரப்பர் பல்பால் காற்றூதி, ஓர் இரவு தூசு படாமல் மூடி வையுங்கள். உலர்ந்த இதழ்களுக்கு எந்த எண்ணெயும் தேவையில்லை. கிராஃபைட் பொடி தூவும் வழக்கமும் உண்டு. அளவு சற்று மிஞ்சினாலும் கரும்பொடி கண்ணாடிகளுக்கு இடையே போய்ச் சேரும் என்பதால் எனக்கு அதில் உடன்பாடில்லை.

மெதுவேகத் தொடர்

இதழ்கள் சீரான பிறகும் 1 விநாடி இழுத்தால் ஷட்டரின் முகப்பைத் திறந்தாக வேண்டும். முன் தொகுதி கழன்ற நிலையில் ஒரு வளையம் முகப்பைப் பிடித்திருக்கும். அது தானாகச் சுழலாதபடி ஒரு சிறு திருகோ தகடோ தடுத்திருக்கும். ஒவ்வொரு படியையும் கைப்பேசியில் படமெடுத்துக்கொண்டு, தடுப்பைத் தளர்த்தி, வளையத்தைக் கழற்றி, வேக வளையத்தையும் அதன் அடியிலுள்ள வெட்டுத் தட்டையும் நேராக மேல்நோக்கி எடுங்கள். தட்டு வெளியே இருக்கும்போது முறுக்கேற்றவே கூடாது: சில வகைகளில் லீவர்களைத் தங்கள் இடத்தில் அழுத்திப் பிடித்திருப்பது அந்தத் தட்டுதான், அது இல்லாமல் ஸ்பிரிங் விடுபட்டால் துண்டுகள் அறை முழுவதும் தெறிக்கும்.

உள்ளே ஓரமாகத் தெரியும் பல்சக்கரத் தொடரை இடம்பெயர்க்காமலே பெரும்பாலும் சுத்தம் செய்துவிடலாம். நுண்ணிய தூரிகையின் முனையில் ஒரு துளி திரவம் எடுத்து, சக்கரங்களின் அச்சுகள் தட்டில் நுழையும் இடங்களிலும் நங்கூரத் துண்டின் இருபுறமும் தொட்டு, வடிதாளின் கூரிய முனையால் உறிஞ்சியெடுங்கள். பின்பு தட்டை மீண்டும் பொருத்தி 1 விநாடியில் சில முறை ஓட்டி, மறுபடி திறந்து இதையே செய்யுங்கள். இரைச்சல் தயக்கமில்லாமல் முதலிலிருந்து கடைசிவரை ஒரே சுருதியில் ஒலிக்கும்போது நிறுத்தலாம். உலர்ந்த பிறகு அச்சு முனைகளுக்கு மட்டும், கைக்கடிகாரத்துக்குப் பயன்படும் எண்ணெயை ஊசிமுனையில் ஒட்டும் அளவுக்கு வைக்கலாம். சக்கரப் பற்களுக்கு வேண்டாம். கை நடுங்குபவர்கள் அதையும் விட்டுவிடலாம். அளவாக எண்ணெயிட்டதைவிட எண்ணெயிடாத தொடர் சீக்கிரம் தேயலாம், ஆனால் மிகையாக எண்ணெயிட்டதைவிட நன்றாகவே ஓடும்.

திரும்பப் பூட்டும்போது உள்ளேயிருந்து மேல்நோக்கி நிற்கும் ஊசிகள் எல்லாம் வெட்டுத் தட்டின் அந்தந்தப் பள்ளங்களுக்குள் விழுந்திருக்க வேண்டும். தட்டு ஒரு பக்கம் தூக்கியிருந்தால் ஏதோ ஓர் ஊசி வெளியே நிற்கிறது. அழுத்தி உட்கார வைக்காமல், எடுத்து மீண்டும் வையுங்கள். வளையத்தை இறுக்கியதும் பி நிலை (பட்டனை அழுத்தியிருக்கும்வரை ஷட்டர் திறந்திருக்கும் நிலை), 1 விநாடி, உச்ச வேகம் ஆகிய மூன்றையும் சோதியுங்கள். இந்த மூன்றும் சரியாக இருந்தால் நடுவிலுள்ளவை பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

முடிவிலிக் குவியம்

முன் கண்ணாடியைக் கழற்றிய மடக்கு கேமராவில் கீறிய கோட்டை மட்டும் நம்பிவிடாமல் குவியத்தைச் சரிபார்க்க வேண்டும். பின்கதவைத் திறந்து, பிலிம் படியும் உள் தண்டவாளங்களின்மேல் மங்கலான ஒட்டு நாடாவை விறைப்பாக ஒட்டுங்கள். சற்று உயர்ந்து நிற்கும் வெளித் தண்டவாளங்களில் ஒட்டினால் அளவே தவறிவிடும். ஷட்டரை பி நிலையில் திறந்து பிடித்து, அபெர்ச்சரை அகலமாக்கி, ஒரு கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள கைப்பேசிக் கோபுரத்தையோ கட்டடத்தையோ நோக்கி, நாடாவில் விழும் பிம்பத்தை உருப்பெருக்கியால் பாருங்கள். கம்பிகள் கூர்மையாகத் தெரியும்வரை முன் கண்ணாடியைத் திருப்பி, அந்த நிலையில் தூர வளையத்தை முடிவிலிக் குறிக்கு நேராக வைத்து, மூன்று திருகுகளையும் சிறிது சிறிதாக, மாறி மாறி இறுக்குங்கள்.

அதன் பிறகு

முறுக்கேற்றாமல் வைப்பதே பொதுவான பழக்கம். ஹாசல்பிளாட் 500 வரிசைக்கு மட்டும் இது நேர்மாறு, அங்கே உடலும் லென்ஸும் முறுக்கேறிய நிலையில் இருந்தால்தான் கழற்றவும் மாட்டவும் சிக்காது. மழைக்காலத்தில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் வையுங்கள், மாதம் ஒருமுறை எல்லா வேகங்களிலும் ஓட்டுங்கள். வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டுவைப்பது மரையின் மசகை மீண்டும் இதழ்களுக்கு அனுப்பும்.

முதல் பிலிமுக்கு நெகட்டிவ் வகையையே தேர்ந்து, வெளிச்சம் மாறாத ஒரே காட்சியை, அபெர்ச்சரையும் வேகத்தையும் ஈடாக மாற்றி மாற்றி எடுங்கள்: எஃப்/16இல் 1/30, எஃப்/11இல் 1/60, எஃப்/8இல் 1/125 என்று. கழுவிய நெகட்டிவைச் சன்னலுக்கு எதிரே பிடித்துப் பார்க்கையில் எல்லாப் படங்களும் ஏறக்குறைய ஒரே அடர்த்தியில் இருந்தால் கேமராவை எடுத்துக்கொண்டு வெளியே கிளம்பலாம். ஏதேனும் ஒரு வேகத்துக்குரிய படம் மட்டும் அடர்ந்து கறுத்திருந்தால், அந்த வேகத்தில் இதழ்கள் இன்னும் தாமதமாக மூடுகின்றன. முகப்பை மீண்டும் ஒருமுறை திறக்க வேண்டியிருக்கும்.